கயிறு வெட்ட வந்த மாமா

பல்கலைக்கழக நிறுத்தத்தில் கதவு திறந்ததும் ஒராஸ் கண்ணாடியைப் பார்ப்பான். கையில் புத்தகத்தோடு யாராவது ஏறினால் போதும். “என்ன படிக்கிறப்பா? பிடிச்சிருக்கா?” என்று ஆரம்பித்துவிடுவான். பதில் வருவதற்குள் பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும்.

அல்மாத்தி நகரத்தில் பல வருஷமாக, மேலே போகும் மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ் ஓட்டுகிறான். “மேல கம்பி இருக்குடா. அது போற வழியிலதான் வண்டி போகும். எனக்கு ஏத்த உத்தியோகம்” என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்குத்தான் முழுசாகச் சிரிப்பு வராது.

விடுதியில் நாங்கள் ஒரே அறை. நிலவியல் படிக்க வந்தவன், அடுத்த வருஷம் வரலாற்றுக்குத் தாவினான். அப்புறம் வேளாண்மை. தன் வகுப்பைத் தவிர மற்ற எல்லா வகுப்பிலும் போய் உட்கார்ந்திருப்பான். மாலையில் உருளைக்கிழங்கு வறுக்கும் முறை வந்தால், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “இன்னிக்குப் பல் வைத்தியம் கேட்டேன்டா, அடடா!” என்று தொடங்குவான். கிழங்கு கருகிவிடும். “நாளைக்கு என்ன, ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?” என்று கரியைத் தின்றபடியே அவனை வாருவோம். எதுவாகவும் ஆகிவிடலாம் என்று நாங்கள் நம்பிய காலம். அந்தக் கருகல் வாசனைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

கடைசியில் பட்டம் வாங்காமலே வெளியேறினான். சொந்தக்காரர்களுக்கு அவன் ‘பாதியில விட்டவன்’.

அதனால்தான் போன ஞாயிறு அவன் அக்கா மகள் தொக்ஜான் வீட்டில் அத்தனை சலசலப்பு. எங்கள் ஊர் வழக்கப்படி, குழந்தை நடக்கத் தொடங்கினால் அதன் கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, விருந்து வைத்து, ஒருவரை அழைத்து வெட்டச் சொல்வோம். வெட்டுகிறவரைப் போலவே பிள்ளையும் வளரும் என்று நம்பிக்கை. டாக்டரையோ நீதிபதியையோ தேடிப் பிடிப்பார்கள். தொக்ஜானோ தன் மகனின் கயிற்றை வெட்டக் கத்தியை மாமன் ஒராஸிடம் நீட்டினாள்.

அவள் மாமியார் ரௌஷனுக்குப் பொறுக்கவில்லை. அவன் காதுபடவே கேட்டார்: “ஏம்மா, வேற ஆளே கிடைக்கலயா? என் பேரனும் காலேஜ் காலேஜா சுத்தணுமா?”

“எந்தப் படிப்புல சேர்றதுன்னு தெரியாம நான் அழுதப்ப எல்லாரும் புத்தி சொன்னாங்க அத்தை. மாமா மட்டும் ‘எனக்கும் தெரியலம்மா’ன்னு பக்கத்துல உக்காந்திருந்தார். அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அவர்தான் வெட்டணும்.”

ஒராஸ் கத்தியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். “ஏண்டா, என்னால புள்ளைக்குக் கெடுதல் எதுவும் வந்துடாதே?”

வயசான முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. “வாங்குடா” என்றேன்.

வாங்கினான். ஒரே வெட்டு. கயிறு விழுந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல்.

அடுத்த சடங்குக்காக விரித்திருந்த வெள்ளைத் துணியின் மறுமுனையில் புத்தகம், சாட்டை, தோம்ப்ரா வாத்தியம், ஸ்டெதஸ்கோப் எல்லாம் வரிசையாக இருந்தன. குழந்தை எதை முதலில் எடுக்கிறதோ அதுதான் அதன் பிழைப்பாம். எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்க, ரௌஷன் மெல்ல ஸ்டெதஸ்கோப்பை மட்டும் முன்னால் நகர்த்தி வைத்தார்.

ஒராஸ் குனிந்தான். அதை எடுத்து மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டு, வழியை விட்டு விலகி நின்றான்.