சூடான மெசினும் சுத்த ஸ்பானிஷும்

டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிய மூன்றாம் மாதம், வேலையை விடப்போவதாக ரோசா வந்து நின்றாள். ஹொண்டுராஸ் நாட்டுக்காரி. கட்டில் விரிப்புகளை, அயன் பண்ணும் சூடான ரோலர் மெசினுக்குள் கொடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. முழங்கை வரை சூட்டுத் தழும்பு.

"ஒவ்வொரு நாளும் எனக்கே ஏன் அந்த மெசின்?" என்றாள்.

பிழை என்னுடையது. அங்கே ஸ்பானிஷ் பேசும் பெண்கள் எட்டுப் பேர். எல்லாரும் ஒரே ஆட்கள்தானே என்று, என்னோடு பிரெஞ்சில் நன்றாகப் பேசக்கூடிய கொலம்பியாக்காரி மார்த்தாவிடம் வேலை பிரிக்கும் பொறுப்பை விட்டிருந்தேன். அவளோ சூடு படாத, துவாய் மடிக்கும் மேசையைக் கொலம்பியாக்காரருக்கே கொடுத்துவந்தாள்.

மார்த்தாவைக் கூப்பிட்டேன். அவள் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தருகிறேன்.

"ரோசாவின்ரை ஆக்கள் நாட்டுப்புறம், வெக்கை தாங்குவினம். அவை கதைக்கிற ஸ்பானிஷைக் கேட்டனீங்களோ? எங்கடைதான் சுத்தம்."

"எல்லாரும் ஸ்பானிஷ்தானே?" என்று சத்தம் போட்டேன்.

அவள் அசையவில்லை. "உங்கட சிவம் எப்பவும் லிஃப்டடியிலை சுகமா வண்டியோடை. ஞானம் மூண்டு மாசமாச் சோப்புத் தண்ணிக்கை. ரெண்டு பேரும் தமிழ்தானே?"

தமிழ் ஆட்களுக்கு வேலை பிரித்தது நான்தான். சிவம் எங்கள் ஊர்ப்பக்கம், ஞானம் மட்டக்களப்பு. யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தத் தமிழ் என்று சாப்பாட்டு நேரத்தில் ஞானத்தைச் சீண்டுவதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சுவரில் பட்டியல் ஒட்டினேன். எல்லாருக்கும் எல்லா வேலையும், கிழமைக்கு ஒன்று. மெசினில் முதல் பெயர் என்னுடையது, அடுத்தது மார்த்தா. சோப்புத் தண்ணிக்குச் சிவம்.

சிவம் பாய்ந்து வந்தான். "என்ன அண்ணை, ஊர் ஆளையே கவிழ்க்கிறியள்?"

"ஓம். ஊர் ஆள் எண்டபடியாத்தான் உன்னிலை துவங்கினனான்."

முதல் மணித்தியாலமே மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். ரோசா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விரிப்பின் மூலையை எப்படிப் பிடிப்பது என்று எனக்கும், அடுத்த கிழமை மார்த்தாவுக்கும் காட்டித் தந்தாள். வேலையை விடும் கதை அதோடு நின்றுவிட்டது.

இப்போது ரோசாதான் அங்கே சூப்பர்வைசர். ஓய்வுபெற்றபின் ஒருநாள் பார்க்கப் போனேன். பட்டியல் அதே சுவரில் இருந்தது. மெசினில் முதல் பெயர் அவளுடையது. கர்க்லாண்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொறுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் ஊர்க்காரர் எந்த வேலையில் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். எனக்கு அதை ஒரு கொலம்பியாக்காரி வந்து காட்ட வேண்டியிருந்தது.