ஷேர் ஏறியதற்குச் சாட்சி சொன்ன வீடு

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபம் இன்னும் தணியவில்லை. "கொஞ்சம் ஆறவிட்டு எழுதுங்கம்மா" என்று ஃபாதர் சொன்னார். ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் எழுத மாட்டேன் ஃபாதர் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் வீடு. என் வீட்டுக்காரர் சேவியர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க வெயிலிலும் கரித்தூசியிலும் உழைத்து வந்த மொத்தப் பணத்தையும் ஒரே ஒரு கம்பெனியின் ஷேரில் கொண்டுபோய்க் கொட்டினார். ஏதோ கம்ப்யூட்டருக்கு மூளை வைக்கிற கம்பெனியாம். அதன் பெயரை எழுத மாட்டேன். என் கையால் அதற்கு விளம்பரம் வேண்டாம்.

போன தவக்காலம் தொடங்கியதும் அந்த ஷேர் சரிய ஆரம்பித்தது. ஈஸ்டருக்குள் பாதி போய்விட்டது. அதன் பிறகும் நிற்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. எங்கள் பணம் மட்டும் என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அதற்குள்ளே லூர்துவின் பணமும் இருந்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் பணம். 

இது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த டாஸ் என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"மாமு, பேங்க்ல போட்டு இன்னா பண்ணப் போற? வட்டி டீ குடிக்கக்கூடப் பத்தாது. இத்த வாங்கு. கண்ண மூடிக்கினு வாங்கு."

இவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். பாதியையாவது போஸ்ட் ஆபீசில் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"உனுக்கு இன்னாமே தெரியும்? இனிமே ஒலகமே இதான். நீ கம்முனு கொயம்பப் பாரு."

நான் குழம்பைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். சாப்பிடும்போது போன். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது துண்டுக்கு அடியில் போன். அருள்நிறைந்த மரியே செபம் பாதியில் நிற்கும், என்னவென்று திரும்பினால் ஷேர் ஏறிப் பச்சையா, இறங்கிச் சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாதாவுக்கே பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் அது ஏறியது. கண்மண் தெரியாமல் ஏறியது. அந்த வருஷக் கடைசியில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மைகளுக்கு எல்லாரும் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்குக் குழந்தை பிழைத்தது, ஒருவருக்கு வேலை கிடைத்தது. இவரும் எழுந்தார்.

"ஆண்டவர் இந்த வயசுல எனுக்கு ஒரு வழி தொறந்து குட்த்தாரு. நான் போட்ட பணம் ரெண்டு மடங்காயி கீது. இது என் தெறமை இல்ல. அவரு கிருபை."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் தட்டினேன். ஷேர் ஏறினால் அது ஆண்டவர் செயல் என்றால், இறங்கினால் அது யார் செயல்? அன்று இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லூர்து தப்பித்திருப்பாள்.

லூர்து எங்கள் அன்பியத்துப் பெண். காசிமேட்டில் மீன் வாங்கிவந்து விற்கிறவள். புருஷன் கடலில் போனபோது வந்த நிவாரணப் பணத்தைத் தொடாமல் பேங்கில் வைத்திருந்தாள். மகள் ரீட்டாவை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அந்தக் கூட்டம் முடிந்த மறுநாளே பணத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, எனுக்குப் போனும் தெரியாது, ஷேரும் தெரியாது. நீங்க செபம் பண்ற ஆளு. உங்கள நம்பித்தான் குடுக்குறேன். ரீட்டா காலேஜுக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் பெருகுனா போதும்."

"லூர்து, வேணாம்டி. இருக்குற எடத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

"அண்ணன் சாட்சி சொன்னாரேக்கா. சாமி காரியத்துல பொய் சொல்லுவாரா?"

இவர் அவளுடைய பணத்துக்கும் தன் கணக்கிலேயே அதே ஷேரை வாங்கிப் போட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகுதான் தவக்காலம் வந்தது. கம்பெனிக் கணக்கில் ஏதோ கோளாறு என்று செய்தி. முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பயப்படாதீர்கள், நீண்ட காலத்துக்கு யோசியுங்கள் என்றார். மறுநாள் இன்னும் இறங்கியது. நீண்ட காலமாம்! ரிட்டயர் ஆன மனிதனுக்கு எத்தனை நீண்ட காலம் பாக்கி இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? போனில் ஒரு குழு வேறு. முகம் தெரியாத நூறு பேர், யாரும் விற்காதீர்கள், உறுதியாகப் பிடியுங்கள் என்று காலையும் மாலையும் எழுதுவார்கள். அவர்கள் முதலிலேயே விற்றுவிட்டு எழுதினார்களோ என்னவோ, யார் கண்டது?

டாஸுக்கு நானே போன் போட்டேன்.

"நான் பொங்கலுக்கு முன்னாலயே வித்துட்டேன் சிஸ்டர். சேவியர் ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். குரலில் ஒரு துளி வெட்கம் இல்லை. வாங்கச் சொல்லக் கோயில் வாசலில் வந்து நின்ற மனிதருக்கு, விற்கச் சொல்ல ஒரு போன் போட முடியவில்லை. அன்று நான் அவரைப் பேசிய பேச்சை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதவில்லை.

இவரோ விற்கவே மாட்டேன் என்றார்.

"இது விசுவாசத்துக்குச் சோதனமே. இப்ப வித்தா ஆண்டவர நம்பலன்னு ஆயிரும்."

அன்பியக் கூட்டத்திலும் இதையே பேசினார். விலை குறையும்போதுதான் இன்னும் வாங்க வேண்டும், விசுவாசம் உள்ளவன் பயப்படமாட்டான் என்றார். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில் விண்ணப்பப் பெட்டியில் அந்தக் கம்பெனியின் பெயரை எழுதிப் போட்டார். என் வீட்டுக்காரர்தான் போட்டார், சத்தியமாக! நோயாளிகளும் பிள்ளையில்லாதவர்களும் எழுதிப் போடுகிற பெட்டி அது. அந்தோனியார் என்ன ஷேர் புரோக்கரா?

ஈஸ்டர் முடிந்து மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிட்டது. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. லூர்துவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ரீட்டாவின் காலேஜ் அட்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் தனியாகக் கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். மண்டியிடக்கூட இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

"அய்யா அந்தோனியாரே, ஷேர் ஏறவே வேணாம். அது நாசமாப் போகட்டும். இந்த ஆளு கண்ணு தொறக்கணும். அந்தப் பொண்ணு காசு அவகிட்டத் திரும்பிப் போகணும். ஆண்டவர்கிட்ட இந்த ரெண்டத்தான் கேட்டுக் குடுங்க. நடக்கலன்னா இனிமே உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன், சொல்ட்டேன்."

சொல்லிவிட்டு அழுதேன். பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மா தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள்.

சகோதர சகோதரிகளே, அன்று மதியமே பதில் வந்தது.

லூர்து வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவளின் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. துளை மூடிவிடக் கூடாதே என்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். இடுப்பில் இருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, கம்மலை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, கொறையும்போது இன்னும் போடணும்னு கூட்டத்துல சொன்னீங்களே. என் விசுவாசம்தான் பத்தலயோன்னு வெள்ளிக்கெயமை ஒரு வேள மட்டும் சாப்ட்டு ஒருசந்தி இருந்துகினு கீறேன். இத்த வித்து அதுலயே போட்ருங்க. கல்யாணத்துக்கு அவரு போட்டது. போனாப் போவுது."

இவர் கையில் போன் இருந்தது. லூர்துவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் வீட்டுக்காரர் அழுதார். அவருடைய அம்மா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

"லூர்து, இத்த மொதல்ல காதுல போட்டுக்க. உன் விசுவாசத்துல ஒரு கொறையும் இல்லம்மா. எனுக்குத்தான் ஒண்ணுமே தெரியாது. டாஸ் சொன்னான், வாங்குனேன். ஏறிச்சு, சாமி பேரச் சொல்ட்டேன். அவ்ளோதான்."

"அப்ப ரீட்டா காலேஜு?" என்று லூர்து கேட்டாள்.



மறுநாள் காலையில் இவர் எல்லாவற்றையும் விற்கப் போட்டார். அப்போதுதான் அடுத்த இடி. ஒரு ஷேர் ஒரே நாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். காலையில் சந்தை திறந்த உடனே விலை அந்த வரம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு விற்க ஊரே வரிசையில் நிற்கும், வாங்க ஒரு ஆள் இருக்காது. சாயங்காலம் வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அடுத்த நாள் விலை இன்னும் கீழே. இப்படி ஒரு அநியாயம் உண்டா? உள்ளே வரும்போது ஒரு விரல் தட்டினால் போதும், கதவு திறக்கிறது. வெளியே போக முட்டி மோதினாலும் திறக்கவில்லை. இதையெல்லாம் வீடியோவில் வந்த அந்த முதலாளியோ போன் குழுக்காரர்களோ முதலிலேயே சொன்னார்களா?

தினமும் காலையில் இவர் விற்கப் போடுவார். லூர்து வருவாள். மூன்று பேரும் உட்கார்ந்து செபமாலை சொல்வோம். விலை ஏற வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வாங்க ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டோம். முடிந்ததும் இவர் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். லூர்து ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் செபமாலை பாதியில் போன் சத்தம் கேட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை. கடைசி மணி வரைக்கும் சொல்லி, சிலுவை போட்டு, அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தார்.

"பூடுச்சிமே. எல்லாம் பூடுச்சி. யாரோ வாங்கிக்கினாங்க."

லூர்துவும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். அன்று மதியமே அந்தக் கதவு மறுபடி பூட்டிக்கொண்டதாம். இடையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கிறது. உங்களில் சிலர் அதைத் தற்செயல் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அந்தத் தரையில் முழங்காலிட்டவள் நான்.

போட்டதில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. ஆனால் லூர்து கொடுத்த பணம் குறையாமல் அதற்குள் அடங்கியது. அதை முதலில் எண்ணி அவள் கையில் கொடுத்தார். மிச்சம் இருந்த கொஞ்சம்தான் எங்களுக்கு. இப்போது இவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் வண்டி நம்பர் எழுதுகிற வேலைக்குப் போகிறார். இந்த வயதில் தலை முழுக்கப் புழுதியோடு வீட்டுக்கு வருகிறார். பார்க்கும்போது அந்தக் கோட்டுப் போட்ட முதலாளி ஞாபகம் வந்து எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் செபமாலையை இவர் இப்போது பாதியில் நிறுத்துவதில்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்.

"போன தபா நான் சொன்னது சாட்சியே இல்ல. என் பெருமையப் பேசினேன். அத்த நம்பி ஒருத்தி தாலியறுத்து வாங்குன நிவாரணப் பணத்தக் குட்த்தா. ஆண்டவர் எனுக்கு ஷேர ஏத்தித் தரல. எறங்கி வர்றதுக்கு வழி காட்டுனாரு. அதுக்குத்தான் நன்றி."

இந்தச் சாட்சிக்கு யாரும் கை தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒருவர் மெதுவாக இவரிடம் வந்து, "இப்ப வெலை கம்மியாத்தானே கீது, வாங்கலாமா?" என்று கேட்டார். நான் துடைப்பத்தைத் தேடினேன்.

ரீட்டா நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். வெள்ளை யூனிபார்மைப் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்து நெற்றியில் சிலுவை அடையாளம் வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஒரு காட்சிக்காக நான் சாகும்வரை ஆண்டவருக்கு நன்றி சொல்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. வாங்க ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். அனுப்பினார். அந்த ஆள் யார்? எந்த ஊர்? விலை குறைவாக இருக்கிறதே என்று யாருடைய பேச்சைக் கேட்டு எங்கள் பாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார்? அவருக்கும் ஒரு பெண்சாதி இருப்பாள், காலேஜுக்குப் போகவேண்டிய ஒரு பிள்ளை இருக்கும். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பெயர் தெரியாததால் விண்ணப்பச் சீட்டில் "எங்களிடம் வாங்கியவர்" என்று எழுதிப் போடுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் ஒருவர் அவராக இருந்தால், அய்யா, இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேருமாக முழங்காலில் நில்லுங்கள். எங்களைக் கைவிடாத ஆண்டவர் உங்களையும் கைவிடமாட்டார். உங்களுக்காக இங்கே ராயபுரத்தில் ஏற்கெனவே செபம் நடந்துகொண்டிருக்கிறது.