பளிங்குத் தூண்களைக் கழுவியவள்

எங்கள் ஊர் லுத்தரன் தேவாலயம் பூட்டிக் கிடப்பதற்கு என் அத்தைதான் காரணம் என்று ஊருக்குள் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றியே கோயிலைக் கரைத்துவிட்டாளாம். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது என் காதுபடவே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அத்தை என் அப்பாவின் அக்கா. பள்ளிப் படிப்பை முடித்ததிலிருந்து நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். மாமா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அத்தை முதலில் ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை பார்த்தாள். அங்கே வேலை செய்யும் விதமே தனி. கட்டில்களைத் தள்ளிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, நீளக் கைப்பிடி போட்ட ரப்பர் பட்டையால் வாசல்வரை வழித்துத் தள்ள வேண்டும். அத்தைக்கு அதுதான் சுத்தம். மற்றதெல்லாம் தூசியை இங்கிருந்து அங்கே நகர்த்துவது.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, மாடிப் படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஒரு மூட்டை மரத்தூள் இருந்ததாம். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த கிழவர், ஈரம் தெளித்த மரத்தூளைத் தரையில் தூவி, அதோடு தூசியையும் சேர்த்துப் பெருக்கி எடுப்பார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அத்தை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

“குப்பையைப் போட்டுக் குப்பையைக் கூட்டுற ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன்” என்று சொல்லி அத்தை அந்த மூட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள். அந்த வாரமே வாளியை எடுத்தாள்.

தேவாலயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது. வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் வைத்த கிடங்கு மாதிரி இருக்கும். சதுரமான கல் கோபுரம், அதன் தலையில் பச்சை பிடித்த செம்புக் கூரை, அவ்வளவுதான். அதே இடத்தில் அதற்கு முன்பு இன்னும் பழைய கோயில் ஒன்று இருந்தது. ஊர் லூத்தரின் போதனைக்கு மாறியபோது சுவரிலிருந்த ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு கயிறு திரிக்கும் கொட்டகை ஒன்றில் பிடித்த தீ பாதி ஊரைத் தின்றது. கோயிலில் கோபுரமும் சுற்றுச் சுவரும்தான் மிஞ்சின. அந்தச் சுவருக்குள் மறுபடி கட்டியதுதான் இப்போது இருப்பது.

உள்ளே நடுவில் மறைக்கிற தூண்கள் கிடையாது. பலிபீடத்துக்கு நேர் மேலேயே பிரசங்க பீடம். மூன்று பக்கமும் சுவரை ஒட்டி மேல்மாடம். அங்கேயும் பெஞ்சுகள். யார் எங்கே உட்கார்ந்தாலும் போதகரின் வாய் அசைவது தெரியும். “இது பார்க்கிறதுக்குக் கட்டின கோயில் இல்லீங்க, கேட்கிறதுக்குக் கட்டினது” என்று வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் வாத்தியார் சொல்வார். அவர் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அடுத்ததாக, மேல்மாடத்தைத் தாங்கும் தூண்களைக் காட்டுவார். வெளிர் ரோஜா நிறம், அதில் சாம்பல் நிற ரேகைகள். “கடல் கடந்து வந்த பளிங்கு” என்பார். அவருடைய வாத்தியார் அவருக்குச் சொன்னது அது. அந்தத் தூணில் சாய்ந்து நின்றால் முதுகு குளிராது. எத்தனையோ தடவை சாய்ந்து நின்றிருக்கிறோம். பளிங்கு என்றால் குளிர வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தை வாரா வாரம் சனிக்கிழமை கழுவினாள். தரையில் பதித்திருந்த கருங்கல் பலகைகள் கறுப்பாக மின்ன ஆரம்பித்தன. ஜன்னல் வெளிச்சம் தரையில் அப்படியே தெரியும். தூண்களையும் அடியிலிருந்து கை எட்டும்வரை தேய்த்துக் கழுவுவாள். தரை நடுவில் கொஞ்சம் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தது. ஊற்றிய தண்ணீர் வாசலுக்குப் போவதைவிடத் தூண்களின் காலடிக்கே அதிகம் போனது. அங்கே கல்லைச் செதுக்கிய குழிக்குள்தான் தூண்கள் இறங்கி நின்றன. தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடுகிறதே என்று அத்தை சந்தோஷப்பட்டாள்.

ஊரும் சந்தோஷப்பட்டது. ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. “ஏம்மா, வாளி” என்பார்களாம். இங்கே போதகர், “தரையில முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருக்கே!” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதிலிருந்து அவளுக்குக் கண்ணாடி என்று பெயர் வந்தது. தெருவில் சின்னப் பிள்ளைகள் “கண்ணாடி அத்தை!” என்று கத்தினால், கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாலும் திரும்பிச் சிரிப்பாள். அவள் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான். அதை அவள் எப்படி வைத்திருந்தாள் என்பது தெரிந்தால்தான் அதை விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிது என்று புரியும்.

தேவாலயத்தை மறுபடி கட்டியதன் நினைவு ஆராதனைக்கு ஊரிலுள்ள எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும், படிப்பை முடித்த என்னைப் போன்றவர்களையும் சேர்த்து ஒரே பாடகர் குழுவாக மேல்மாடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். சாதாரண ஞாயிறுகளில் மேலே நாலைந்து பேர்தான் உட்காருவார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பிரசங்க பீடத்தை ஒட்டிய தூணின் அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தை அத்தை தகட்டுக் கரண்டியால் சுரண்டினாள். கரண்டி தூணுக்குள் போய்விட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தட்டைத் தொடவில்லை.

“ஏங்க, கல்லு அழுகுமா?”

“நீ தேய்க்கிற தேய்ப்புக்கு அழும். அழுகாது” என்றார் மாமா.

அத்தை கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பழுப்பாக, ஈரமாக, பிசைந்த கேக் மாதிரி ஏதோ இருந்தது. காளான் வாடை வந்தது. மாமா ஒரு துளியை விரலில் எடுத்து நசுக்கி முகர்ந்தார். அவர் மெல்லுவது நின்றுவிட்டது.

“இது மரம்.” பிறகு அதன்மேல் ஒட்டியிருந்த சின்னச் சில்லை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். “மரத்துக்கு மேல பூச்சு. ரேகையெல்லாம் கையால இழுத்தது. அடேயப்பா, நம்ம தொழில்காரன் எவனோ செஞ்சிருக்கான் பாரு! இத்தனை காலமா ஊரையே ஏமாத்தியிருக்கான்.”

அவர் குரலில் பெருமை இருந்தது. அத்தைக்கு அது காதில் விழவில்லை.

“அப்போ நான் இத்தனை வருஷமா மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேனா?”

மாமா அந்தச் சில்லைக் கைக்குட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

“சொல்லாதே” என்றார். “ஞாயித்துக்கிழமை முடியட்டும். நான் பட்டி மாவு வெச்சு ஓட்டையை அடைச்சு, ரேகை இழுத்து விட்டுடறேன். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்.”

“பசங்க மேல ஏறுவாங்களே.”

“எந்தக் காலத்துலேருந்து நிக்குது. இந்த ஒரு ஞாயிறு பார்த்தா விழப் போகுது? இப்பச் சொன்னா முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? யார் தண்ணி ஊத்தினதுன்னுதான் வரும். உன்னைத்தான் காட்டுவாங்க.”

அத்தை தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த நாள் மாமா தன் டப்பாக்களோடு போனார். ஓரங்களில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்திருக்கிறது, சரி செய்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னார். ஓட்டையை அடைத்து, தேய்த்து, ரோஜா நிறத்தைக் கலந்து, மெல்லிய தூரிகையால் சாம்பல் ரேகையைப் பழைய ரேகையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படியொரு வேலையை அவர் அதற்கு முன் செய்ததில்லை. போதகர் வந்து பார்த்துவிட்டு, “புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து கோயிலைப் புதுசாக்கிட்டீங்க” என்றார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் கழுவவில்லை. போதகர் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் மேல்மாடப் படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். சின்னப் பிள்ளைகள் முன்னால், என்னைப் போன்ற பெரியவர்கள் கடைசியில். கதவு பூட்டியிருந்தது. அதற்கு முதுகைக் கொடுத்தபடி அத்தை, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

போதகர் கறுப்பு அங்கியோடு வேகமாக வந்தார். “சாவி எங்கம்மா?”

“கையிலதான் இருக்குங்க ஐயா.”

“அப்போ திறங்க. நேரமாச்சு.”

“மாட்டேங்க.”

பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து வாத்தியார், “என்ன கண்ணாடி, இன்னிக்கு மாடியையும் கழுவிக் காயப் போட்டிருக்கியா?” என்று கேட்டார். பெரியவர்களும் சிரித்தார்கள்.

“தூண் அழுகிப்போச்சுங்க. மேல இவ்வளவு பேர் ஏறக் கூடாது.”

“பளிங்கு எங்கேயாவது அழுகுமாம்மா?” என்றார் வாத்தியார். அவர் கேலி செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரலில்தான் கேட்டார்.

அத்தை கைப்பையைத் திறந்து அந்தத் தகட்டுக் கரண்டியை எடுத்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அந்தத் தூணுக்குப் போனாள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா பாதி எழுந்தார். அவள் அவரைப் பார்க்காமல் மண்டி போட்டாள். நேற்று அவர் இழுத்த ரேகையின் மேலேயே கரண்டியை வைத்துக் குத்தினாள். கைப்பிடிவரை இறங்கியது. நெம்பியபோது பூச்சு பிளந்து, உள்ளேயிருந்து ஈரப் பழுப்பு அவள் கழுவிய தரையில் கொட்டியது.

ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாத்தியார் குனிந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். “எங்க வாத்தியார் எனக்கு…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

போதகர் தாழ்ந்த குரலில் கேட்டார். “எப்பத்திலேருந்து தெரியும்?”

“முந்தாநாள்லேருந்து.”

“இது ஈரப் பெயிண்டு மாதிரி இருக்கே. மறைச்சீங்களா?”

“ஆமாங்க. நான்தான் அவரை அடைக்கச் சொன்னேன். தண்ணி ஊத்தினதும் நான்தான். இத்தனை வருஷமா.”

மாமா பாதி எழுந்தபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அன்று முற்றத்தில் நின்று பாடினோம். காற்றில் பாட்டுத் தாள்கள் பறந்தன. பாடி முடித்ததும் எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். பிறகு பொறியாளர்கள் வந்து இரும்பு முட்டுகளைக் கொடுத்தார்கள். மற்றத் தூண்களிலும் பலவற்றின் கால்கள் போயிருந்தன. தீவிபத்துக்குப் பிறகு கல் கொண்டுவர வழியில்லாமல் மரத்தை நட்டு, கல் மாதிரிப் பூசியிருக்கிறார்கள். முதலில் ஊருக்கே அது தெரிந்திருக்கும். சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருந்திருக்காது. அவர்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். எங்கேயோ ஓரிடத்தில் சொல்லாமல் விட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் படாமல் பெருக்குவதற்கு வைத்த மரத்தூள் மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்த ஞாயிறு நாங்கள் ஏறியிருந்தால் விழுந்திருக்குமா என்று பொறியாளரைக் கேட்டார்கள். “தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம்” என்று சொல்லிவிட்டார். விழுந்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் ஊர் அத்தையைக் கொண்டாடியிருக்கும். இப்போது ஊருக்கு நினைவிருப்பது தண்ணீரும் மறைத்ததும் மட்டும்தான்.

அத்தையை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. கழுவுவதற்குத் தரைதான் இல்லை. இப்போது சபை அலுவலகத்தின் இரண்டு அறைகளைத் துடைக்கிறாள். தெருவில் பிள்ளைகள் அவர்கள் பழக்கத்துக்குக் “கண்ணாடி அத்தை!” என்று கத்துகிறார்கள். அவள் திரும்புவதில்லை. மாமா ஒருநாள் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். “குத்தினதுதான் குத்தினே, அந்தப் பக்கமாக் குத்தியிருக்கலாம்ல? அது நான் பூசாத இடம்.” அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மாமாவும் ஜோக் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

புதுத் தூண்களுக்கு மறுபடி பளிங்கு மாதிரிப் பூச வேண்டும், மாமாதான் பூச வேண்டும் என்று சபையில் பேச்சு இருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதை எழுதி முடித்ததும் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். மாமா “சொல்லாதே” என்ற இடம் வந்தபோது அத்தை கையை நீட்டி நிறுத்தினாள்.

“அதை எடுத்துடு. கோயில்ல நான் சொன்னபடியே இருக்கட்டும். ஊர் என்னைச் சொல்றது போதும். அவருக்கு நாளைக்கு நாலு வீட்டுல வேலை வேணாமா?”

மாமா தட்டை நகர்த்தி வைத்தார். “எடுக்க வேணாம், இருக்கட்டும்” என்றார். “அன்னிக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். பாதிதான் எந்திரிச்சேன்.”

அத்தை எழுந்தாள். மேசையைத் துடைத்துவிட்டுத் துணியைத் தொட்டியின் மேல் பிடித்துப் பிழிந்தாள். சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே நின்றாள்.