வெயிலில் காய்ந்த பற்றரிகள்

"செத்த பற்றரி, சேர்" என்று ஆய்வுகூடத்தில் என் மாணவன் ஒருவன் குப்பைக்கூடைக்குள் எறியப் போனான். பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். "செத்ததெண்டு ஆரடா சொன்னது? அளந்து பாத்தியா?" மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆனால் அந்தக் கோபம் என் ஊரான வெல்லாவெளியில் பிறந்தது.

யுத்த காலத்தில் எங்கள் பக்கம் பற்றரி கொண்டுவரத் தடை. தீர்ந்த பற்றரிகளை அம்மா கருவாட்டோடு ஒரே பாயில் வெயிலில் காயவைப்பா. சூடேறினால் ரேடியோ இன்னுமொரு செய்தி சொல்லும். சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரர் அந்தப் பாயைக் கண்டார்கள்.

"செத்த பற்றரி ஏன்? குண்டு செய்யவா?"

"ரேடியோவுக்கு, மாத்தையா. இன்னும் உசிர் இரிக்கு" என்றார் அப்பா.

பொய்யென்று துவக்குப் பிடியால் அவருடைய இரண்டு காதிலும் அடித்தார்கள். விழுந்தவரைச் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். கருவாட்டின் மேல் இரத்தம் தெறித்தது. அடித்துக் களைத்த பிறகுதான் ஒருவன் பற்றரிகளை ரேடியோவில் போட்டுப் பார்த்தான். பாட்டு கணீரென்று வந்தது. சிரித்தபடி ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காதுகளிலிருந்து இரத்தம் வடிய, அப்பா அம்மாவின் வாயையே பார்த்துக் கேட்டார்:

"பாடிச்சா, புள்ள?"