ரஸ் அத்தானும் வாடை வண்டியும்

என் அத்தான் ரஸ் டோபெக் ஆறடிக்கு மேல் உயரம். அகலத்தைச் சொன்னால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஒஹாயோவில் எங்கள் ஏரிக்கரைப் பக்கம் சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறார். குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ளி உப்புத் தூவுவார். வெயில் காலம் வந்தால் அதே உப்பு அரித்த குழிகளைத் தார் போட்டு அடைப்பார். "நானே கெடுத்து நானே சரி பண்றேன் மாப்ளே, வேலைக்குப் பஞ்சமே வராது" என்று சிரிப்பார். கோபம் என்பதே தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் இவ்வளவு பருமன் கிடையாது. ஒரு பனிக்காலம் லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிக்கொண்டது. மாதக்கணக்கில் சோபாவில் கிடந்தார். எழுந்து வேலைக்குப் போனபோது சட்டையெல்லாம் தம்பிக்குத் தைத்தது போல ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு விடிய விடியப் பனி தள்ளுகிறவனுக்குப் பேச்சுத்துணை காப்பியும் டோனட்டும்தானே? இந்தக் குளிர்காலத்தில் அக்கா டோனட்டை நிறுத்திவிட்டு முட்டைக்கோஸ் சூப்பைக் குடுவையில் ஊற்றி அனுப்பினாள். மறுபேச்சில்லாமல் குடித்தார். கொஞ்சம் இளைக்கவும் இளைத்தார். எல்லாம் கோராவுக்காக.

கோரா அவர்களுடைய ஒரே மகள், ஒன்பது வயது. அப்பாவின் உயரம் வராமல் எங்கள் வீட்டுக் குள்ளம் வந்துவிட்டது அவளுக்கு. வேறு ஊர்களில் அது ஒரு குறையே இல்லை. எங்கள் ஊரில் குறைதான். ஏரிக்கரைப் பூங்காவில் பெரிய ரோலர் கோஸ்டர்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் சிவப்புக் கோடு போட்ட கம்பம் நிற்கிறது. தலை கோட்டைத் தொட்டால் ஏறலாம், தொடாவிட்டால் குட்டி ரயிலில் போய் உட்கார வேண்டியதுதான். எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறிக்கும்போதே, மேலே சிவப்புப் பென்சிலில் பூங்காவின் கோட்டையும் போட்டுவிடுவார்கள். பிள்ளை கோட்டைத் தொட்ட வருடம், முதல் பெரிய சவாரி அப்பாவோடோ அம்மாவோடோதான். அதுவும் முதல் வரிசையில். அந்த முன்னிருக்கைக்குத் தனியாக இன்னொரு வரிசையில் நின்றாக வேண்டும். நேரமாகிறது என்று பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறவனை நாங்கள் மனதுக்குள் கஞ்சன் என்று எழுதிக்கொள்வோம்.

போன வருடம் கோரா செருப்புக்குள் காகிதக் கைக்குட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு போனாள். அளக்கிற பையன் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டான். அங்கே அவள் அழவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

"அடுத்த வருஷம் 'வாடை' வருதுடா தங்கம்," என்றார் அத்தான். பூங்காவின் அந்தப் புது ரோலர் கோஸ்டரை ஏரிக்குள் தூண் நாட்டி அப்போதே கட்டத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் பக்கத்திலேயே உயரம், வடக்கிலிருந்து அடிக்கிற காற்றின் பெயர். "நீயும் நானும் அதுலதான் முதல்ல ஏறுறோம். முதல் வரிசை. அதுவரைக்கும் அப்பாவும் எதுலயும் ஏற மாட்டேன், சரியா?"

"சத்தியமா?"

"உங்க அம்மா மேல சத்தியம்."

"என் மேல எதுக்கு? உங்க லாரி மேல பண்ணுங்க," என்றாள் அக்கா.

அந்தச் சத்தியத்தை அப்படியே காப்பாற்றினார். முழங்கால் போனதிலிருந்தே அவர் எதிலும் ஏறவில்லை. இப்போது ஏறவும் கூடாது என்றாகிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது, எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த ஜூன் மாதம் கோராவின் தலை கோட்டைத் தொட்டது. ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை, தவிர அவளுக்கு ஏணி ஏறினாலே தலை சுற்றும். அளக்கிற இடத்தில் கோரா தானாகவே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டில் பச்சை நாடாவைக் கட்டிவிட்டார்கள். அதை எனக்குக் காட்டினாள், தண்ணீர் விற்கிறவளுக்குக் காட்டினாள், குப்பை கூட்டுகிறவருக்கும் காட்டினாள்.

'வாடை'யின் வாசலில், வண்டியில் இருப்பது போலவே ஓர் இருக்கையைத் தரையில் பதித்து வைத்திருந்தார்கள். உடம்பு பெருத்தவர்கள் உட்கார்ந்து, மடிமேல் வருகிற கம்பி பூட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு. நாங்கள் போனபோது ஒரு வாட்டசாட்டமான பையன் அதில் உட்கார்ந்து கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் அவன் கூட்டாளிகள் போனில் படம் எடுத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

"ஒரு தடவை உக்காந்து பாத்துடுங்களேன் அத்தான்," என்றேன்.

"அதெல்லாம் வெளியூர்க்காரனுங்களுக்குடா. இந்தப் பூங்காவுல நான் ஏறாத வண்டி ஒண்ணு சொல்லு."

"இது புதுசாச்சே?"

"வண்டி புதுசு. நான் பழைய ஆளு. நட, நட."

வீம்புதான். ஆனால் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனும் அந்த இருக்கையில் உட்காரமாட்டான். சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற மாதிரி அது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தான் காலை மாற்றி மாற்றி நின்றார். உட்கார இடம் கிடைத்தபோதும் கோராவைத்தான் உட்காரவைத்தார். மேலே வண்டி மலையேறுவது போல ஏறி, உச்சியில் ஒரு கணம் தொங்கி, தலைகீழாய் விழும்போதெல்லாம் கோரா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள்.

"பயமா இருக்கா?"

"இல்லயே. உங்களுக்கு?"

"லேசா. நீ என் கையைப் பிடிச்சுக்கணும், விட்டுடக் கூடாது."

"சின்னப் பிள்ளையாப்பா நீங்க?" என்று அவள் கேட்டாள். ஆனால் முகமெல்லாம் பெருமை.

மேடைக்கு வந்து சேர்ந்தோம். முதல் வரிசைக்கு இன்னும் ஒன்பது வண்டி காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தோம். கடைசியில் எங்கள் முறை வந்தது. கோரா ஓடிப்போய் இடப்பக்கம் உட்கார்ந்தாள், அத்தான் வலப்பக்கம். இரண்டாம் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நான். கம்பிகள் பற்சக்கரத்தில் பல் பல்லாக இறங்கின. கோராவின் கம்பி டக்கென்று பூட்டியது. அத்தானுடையது வயிற்றில் வந்து நின்றுவிட்டது.

பூங்காவின் பையன் ஒருவன் வந்தான், இருபது வயதுகூட இருக்காது. "சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க," என்றான். அத்தான் இழுத்தார். அவன் அழுத்தினான். இருக்கையோரத்து விளக்கு பச்சைக்கு மாறவில்லை. இன்னொருவன் ஓடிவந்தான். இருவருமாக, கார் டிக்கியில் மூட்டையைத் திணிப்பது போல அழுத்தினார்கள். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. காதுவரை சிவந்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு பல்லுதான் சார். இன்னும் கொஞ்சம்."

"அழுத்துப்பா. எனக்கு வலிக்கல, நீ அழுத்து."

ஒலிபெருக்கியில் சிறிது தாமதம் என்று அறிவித்தார்கள். மேடையில் நின்ற கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது. யாரோ ஒருவன், "விடாதீங்க அண்ணே, இழுங்க!" என்று கத்தினான். நல்லெண்ணத்தில்தான் கத்தினான், தெரியும். இருந்தாலும் எழுந்துபோய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. எந்த நாட்டு ஒல்லிக்குச்சியை உட்காரவைத்து அளவெடுத்து இந்த இருக்கையைச் செய்தார்களோ! ஒரு குளிர்காலம் முழுக்கக் குடித்த முட்டைக்கோஸ் சூப்புக்கு ஒரு பல் இறங்கக் கூடாதா?

கோரா பக்கத்தில் திரும்பவே இல்லை. எதிரே தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பையன் கையை எடுத்துவிட்டான். "மன்னிச்சுக்குங்க சார். பச்சை விளக்கு எரியாம வண்டி நகராது. எங்க கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும்பா. நீ என்ன பண்ணுவ," என்றார் அத்தான். பையனுக்கு அவர் ஆறுதல் சொன்னார்!

அவரை இறக்கிவிட எல்லோருடைய கம்பியையும் திறந்தார்கள். கோராவும் எழுந்துவிட்டாள். "நானும் வரேம்ப்பா. நாம வேறதுல போலாம்."

"உக்காரு."

"அப்பா..."

"உக்காருடா தங்கம். எவ்வளவு நாள் காத்திருந்த? அப்பா கீழே நின்னு உன்னையே பாத்துட்டிருப்பேன். மாமா பின்னாலதான இருக்கான்."

நான் முன்வரிசைக்குத் தாவலாம் என்று பாதி எழுந்தேன். "சார், யாரும் எந்திரிக்கக் கூடாது! உக்காருங்க, உக்காருங்க!" என்று அதட்டினான் பையன். அவனே என் கம்பியை மறுபடி அழுத்தித் தொடையோடு இறுக்கினான். அவ்வளவுதான் என்னால் முடிந்த உதவி.

கோராவின் இருக்கையைத் தாண்டி, மறுபக்கம் இறங்குகிற மேடைக்கு அத்தான் போக வேண்டும். முழங்கால் மடங்கவில்லை. கோராவின் தோளைத் தொடாமல், தலைக்கு மேலிருந்த சட்டத்தைப் பிடித்து மெல்லக் கடந்தார். அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததும் மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் அது, வண்டி திரும்பி வந்தாலும் தட்டுவோம், கிளம்பினாலும் தட்டுவோம். அன்றைக்கு அந்தக் கைதட்டல் எனக்குச் செருப்படியாக விழுந்தது. அத்தான் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

வண்டி கிளம்பியது. என் முன்னால் கோராவின் குதிரைவால் கூந்தலும் பக்கத்தில் காலி இடமும்தான் தெரிந்தன. ஏறும்போது அவள் அசையவே இல்லை. உச்சிக்குப் போனதும் கீழே ஏரி முழுக்கத் தெரிந்தது, படகுகள் அரிசிமணிகளாகத் தெரிந்தன. அப்புறம் விழுந்தோம்.

அந்தப் பிள்ளை கத்தினாள் பாருங்கள்! பயத்தில் அல்ல. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "ஓ" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தண்ணீருக்கு மேல் சாய்ந்து திரும்பும்போது சிரித்தாள். தலைகீழாகச் சுற்றும்போதும் சிரித்தாள். என் கண் பாதி நேரம் மூடியிருந்தது, ஆனால் காதில் அவள் சிரிப்பு நிற்கவே இல்லை. ஒன்பது வயதில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம் கொள்ளுமோ அவ்வளவும் அன்றைக்கு அந்த முதல் வரிசையில் இருந்தது. பார்க்க வேண்டியவர் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

மேடைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்று காத்திருந்தது. கோரா இன்னும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். சட்டையின் நுனியைத் தூக்கி முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு பாதி திரும்பினாள்.

"மாமா."

"என்னடா?"

"நான் சிரிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லிடாத."

சரி என்று தலையை ஆட்டினேன்.

வெளியே போகிற வழி, படங்கள் விற்கிற கூடத்தின் வழியாகத்தான். முதல் சரிவில் வண்டி விழும்போது ஒரு கேமரா எல்லோரையும் வரிசை வரிசையாகப் படம் பிடித்துவிடும். நாம் இறங்கி வருவதற்குள் படங்கள் சுவரில் உள்ள திரைகளில் வந்துவிடும். அத்தான் அங்கேதான் இருந்தார். கடைசித் திரைக்கு முதுகைக் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வெயிலில் நின்றதால் என்றுதான் சொல்வார்.

"எப்படிடா இருந்துச்சு?"

"அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்லப்பா," என்றாள் கோரா. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "கழுத்துதான் வலிக்குது. சும்மா கதை விடுறாங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்படியா? நானும் நெனச்சேன்," என்றார் மெல்ல. "கீழ இருந்து பாத்தாலே பெரிசா ஒண்ணும் தெரியல."

"ஆமாப்பா. நீங்க வராததே நல்லதாப்போச்சு."

அவள் அவர் கையைப் பிடிக்கக் கிட்டே வந்தாள். அவர் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தார். அவள் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம். அவர் தோளுக்கு மேல் திரையின் விளிம்பு எனக்குத் தெரிந்தது. வானத்தை நோக்கித் தூக்கிய இரண்டு சின்னக் கைகள், ஒன்றில் பச்சை நாடா. மீதிப் படத்தை அவர் முதுகு மறைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் இருந்த பெண் குரல் கொடுத்தாள். "சார், அந்த முதல் வரிசைப் படம் பெரிசா ரெண்டு கேட்டீங்களே, போட்டுடட்டுமா?"

கோரா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா," என்றார் அத்தான். "தப்பாச் சொல்லிட்டேன். அது எங்க படம் இல்ல."

அடுத்த வண்டியின் படங்கள் வந்து திரை மாறும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.