கம்பைலரின் கழிகளை எண்ணினேன்

கம்பைலர் தப்புச் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குச் சிரித்திருப்பேன். பத்து வருடம் சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நிரல் எழுதியவள் நான். நாம் எழுதும் வரிகளைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதன் மேல் பழி போடுகிறவன் சோம்பேறி, தப்பு எப்போதும் உன்னுடையதுதான் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களின் மண்டையில் நானும் அதையே ஏற்றினேன்.

அந்த வேலையை விட்டுவிட்டுப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்துக்குத் திரும்பி வந்தது ஒரு பெட்டிக்காக. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களை நாங்கள் ‘பாடு’ என்போம். குடும்பத்துக்குக் குடும்பம் முறை வரும். முறை வந்த நாளில் அந்தப் பாடு அவர்களுடையது, வேறு யாரும் அங்கே வலை போடக்கூடாது. ஏரித் தண்ணீர் கடல் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, நட்டிருக்கும் கழிகளில் வலையைக் கட்ட வேண்டும். முன்னாடியே கட்டினால் எதிர்த் தண்ணீர் வலையைச் சுருட்டிக் கிழித்துவிடும். தாமதித்தால் இறால் கடலுக்குப் போய்விடும். முன்பெல்லாம் பிறையைப் பார்த்தே நேரம் சொல்லிவிடுவார்கள். முகத்துவாரம் மணல் மேடிட்டுப்போன பிறகு அந்தக் கணக்கு ஒரு நாள் பலித்தால் மூன்று நாள் பலிப்பதில்லை.

என் பெட்டியின் அடியில் தண்ணீருக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். சக்கரம் திசை மாறியதும் முறைக்காரரின் போனுக்குச் செய்தி போகும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே இருந்த சிப் மலிவானது, நினைவகம் கொஞ்சம். வெளியே கிடைக்கும் கெர்னல் எதுவும் அதில் அடங்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு நானே ஒன்று எழுதினேன். உண்மையில் ஒன்றிரண்டு அடங்கியிருக்கும். எனக்குத்தான் திமிர். சிப்பில் ஓடும் வேலைகளுக்கு முறை வைத்துக் கொடுப்பதுதானே கெர்னல், பாடு பிரிக்கும் ஊரில் பிறந்தவளுக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதல் சோதனையில் பெட்டி தப்பான நேரத்தில் செய்தி அனுப்பி ஒருவருடைய வலை கிழிந்தது. இரண்டாவது சோதனையில் வாயே திறக்காமல் நின்றுபோய் இன்னொருவர் இறாலை விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் என் பஞ்சாயத்து வந்தது. ஊர்த்தலைவர் என்னை விட்டுவிட்டு என் அப்பாவை, நைனாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“உன் பொண்ணு படிச்ச பொண்ணுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பொட்டியால ரெண்டு வூட்டு முறை வீணாப்போச்சு. பேஜாரா கீதுப்பா. புடுங்கிட்லாம்.”

“வெள்ளிக்கிழம என் முற,” என்றார் நைனா. “பொட்டி சொல்ற நேரத்துக்கு என் வலயக் கட்றேன். அப்பவும் கவுத்துச்சின்னா நானே புடுங்கிப் போட்டுட்றேன்.”

வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அடுத்த முறை வர மாதக்கணக்கில் ஆகும். இந்த வெள்ளிக்கிழமை முறையைத் தூக்கி என் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலையிலிருந்து மேசை மேல் பெட்டியை வைத்து ஓட்டினேன். நின்றுபோகும் ரகம் என்று யாரும் சொல்ல முடியாதபடி அழகாக ஓடியது. உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நண்டு கடித்திருக்கும் என்றார் இன்னொருவர். திறந்து பார்த்தால் உள்ளே ஈரமும் இல்லை, நண்டும் இல்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. தண்ணீர் வேகமாக ஓடும்போதுதான் பெட்டி கெடுகிறது. மேசையில் சக்கரம் சும்மா இருக்கிறது.

ஸ்டாண்டு ஃபேனை இழுத்துவந்து சக்கரத்துக்கு நேராக வைத்து முழு வேகத்தில் விட்டேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது. அரைமணி நேரத்தில் பெட்டி செத்தது. மறுபடி விட்டேன், மறுபடி செத்தது. சந்தோஷத்தில் கை தட்டினேன். அம்மா வேர்த்து வழிந்துகொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மனுசனுக்குக் காத்து இல்ல, பொட்டிக்கு ஃபேனா? அதுவும் செத்துப்போனதுக்குக் கைதட்றியே, இன்னா பொண்ணு நீ?”

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? தானாகச் சாகும் வரைக்கும்தான் பயம். நாம் நினைத்த நேரத்தில் சாகடிக்க முடிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆனால் மீதிக் கிணறு படுத்தியது. எங்கே கெடுகிறது என்று பார்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் தவறு காணாமல் போனது. அந்த வரியை எடுத்தால் திரும்ப வந்தது. செவ்வாய் முழுக்க என் கெர்னலை வரி வரியாகப் படித்தேன். ஒரு குற்றமும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாத குற்றம் என்னுடையதுதான் என்று நினைத்து அழுதுகொண்டே மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் நைனா தலைமுதல் கால்வரை நனைந்து வந்தார். வெள்ளிக்கிழமைக்காகப் பாட்டில் இறங்கிக் கழிகளை எண்ணிவிட்டு வருகிறார். அந்தப் பாட்டில் எங்களுக்கு முந்தின முறை பெரியப்பாவுடையது. முறை முடித்துப் போகிறவர் கழிகளை இருந்தபடி விட்டுப் போக வேண்டும், வருகிறவர் முங்கி ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்து எண்ண வேண்டும். எங்கள் குப்பத்து வழக்கம் அது. பெரியப்பா எங்கள் வாசலில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காலையிலேயே சொன்னவரும் அவர்தான். அவர் சொன்ன பிறகும் தம்பி போய் எண்ணினாரே என்று அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நைனாவுக்கும் ஒரு கூச்சமும் இல்லை. ஈர வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு டீ வாங்கிக்கொண்டார்.

பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சுரீரென்றது. கூடப் பிறந்த அண்ணன் சொன்னாலும் எண்ணிப் பார்க்கிற குடும்பம் இது. முகம் தெரியாத யாரோ எழுதிய கம்பைலரை நான் ஒரு தடவை கூட எண்ணிப் பார்க்கவில்லையே.

சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் சிப்பைத் தட்டிக் கூப்பிடும். சிப் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டு, சுற்றைக் குறித்துக்கொண்டு, திரும்பிப் போகும். பாதியில் விட்ட வேலை சில எண்களைச் சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற குட்டி அறைகளில் வைத்திருக்கும். இடையில் புகுந்தவன் எந்த ரெஜிஸ்டரைத் தொட்டாலும் முதலில் அதில் இருந்ததை எடுத்துப் பத்திரப்படுத்தி, போகும்போது இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதை எழுதித் தருவது கம்பைலரின் பொறுப்பு. நான் எழுதியதை மூடிவிட்டு, கம்பைலர் எழுதியதைத் திறந்தேன். பென்சிலால் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். தொட்டது ஐந்து. பத்திரப்படுத்தியது நான்கு.

மூன்று தடவை எண்ணினேன். நான்குதான். இன்னொருவன் வைத்த எண்ணை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பிப் போயிருக்கிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அந்த ரெஜிஸ்டர் காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து விழுந்து தப்பித்துவிடும். வேகமாகச் சுற்றினால் எப்போதாவது மாட்டும். நான் ஒரு வரி சேர்த்தபோதெல்லாம் கம்பைலர் வேறு ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு யோக்கியனாகிவிட்டது. இரண்டு நாள் என்னை அழவைத்ததற்கு அதை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நிரலைச் சுருக்கி வேகமாக்கும் வேலையைக் கம்பைலர் செய்யும்போதுதான் இந்தத் தப்பு வந்தது. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் அதை நிறுத்திப் பார்த்தேன். தப்பு போனது, ஆனால் ஃபேன் வேகத்தில் பாதிச் சுற்றுகளைக் கோட்டைவிட்டது. பிறகுதான் ரோஷம் வந்தது. நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் கம்பைலரிடமிருந்து பிடுங்கி, சிப்பின் சொந்த மொழியான அசெம்பிளியில் என் கையால் எழுதினேன். உள்ளே வரும்போது எல்லா ரெஜிஸ்டர்களையும் எடுத்து வைப்பேன், போகும்போது எல்லாவற்றையும் திருப்பி வைப்பேன், நடுவில் நீ என்ன கூத்தடித்தாலும் எனக்குக் கவலையில்லை. அதோடு விடவில்லை. ஒவ்வொரு தடவை கெர்னலைக் கட்டி முடித்ததும் எடுத்ததையும் வைத்ததையும் எண்ணி, ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிட ஒரு குட்டி நிரல் எழுதினேன். அதற்குக் ‘கழி’ என்று பெயர் வைத்தேன்.

கம்பைலர் எழுதியவர்களுக்கும் மெயில் போட்டேன். உங்கள் நிரலை இன்னொரு முறை சரிபார்க்கவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இருபது வரியில் தப்பை மட்டும் உரித்து அனுப்பினேன். பல வாரம் கழித்து, ஆமாம், தவறு எங்களுடையது என்று எழுதினார்கள். அந்த மெயிலை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்காக வெள்ளிக்கிழமை காத்திருக்குமா?

வியாழன் முழுக்க ஃபேன் ஓடியது. பெட்டி சாகவில்லை. சாயந்திரம் நைனாவே அதைக் கொண்டுபோய்ப் பாட்டில் கட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். அம்மாவும் நானும் கரையில் நின்றோம். எங்கள் பாட்டில் நைனாவின் படகு. கொஞ்சம் தள்ளி, அடுத்த பாட்டில், அங்கே அன்றைய முறைக்காரரான தலைவரின் படகு. கடல்காற்று எழும்பிவிட்டதால் அலையெல்லாம் ஏரிக்குள் வருவது போலத்தான் தெரிந்தது. என் போனிலும் நைனாவின் போனிலும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது: நீர் திரும்பியது.

நைனா போனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தலைவரின் குரல் கரைவரை கேட்டது.

“யோவ், தண்ணி இன்னும் உள்ள வருதுய்யா. கட்டாத. கிழிஞ்சிரும்.”

எனக்கும் வருவது போலத்தான் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். நைனா குதித்து இறங்கி முதல் கழியில் வலையைக் கட்டினார். பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நெஞ்சளவு தண்ணீரில் அப்படியே நின்றார். வலை ஒரு நிமிடம் துவண்டு கிடந்தது. பிறகு மெதுவாக வயிறு தள்ளியது, கடல் பக்கமாக.

மேலே காற்று ஏமாற்றிக்கொண்டிருக்க அடியில் தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அங்கே தலைவர் தன் ஆட்களை விரட்டி படகில் சுருட்டி வைத்திருந்த வலையை அவசர அவசரமாக அவிழ்த்துக் கழிகளில் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஜெயித்துவிட்டேன், அதுவும் கம்பைலரை ஜெயித்துவிட்டேன்.

என் போன் அடித்தது. நைனா.

“பொட்டி ஓடுதாம்மா?”

“ஓடுது நைனா.”



“ஒம் பொட்டி சொல்லலன்னா நானும் ஒக்காந்துனுதான் இருந்திருப்பேன்,” என்றார். “தலைவரு கேக்குறாரு, இனிமே அவரு முறைக்கும் போன்ல மெசேஜ் வருமான்னு.”