வில்லி கையால் ஒரு தட்டுச் சோறு

டிவி தொடரின் நான்காம் வாரம் ஒளிபரப்பான மறுநாள், எங்கள் பள்ளியில் சத்துணவுக்குப் பதின்மூன்று பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். பதிவேட்டில் எண்பத்து நான்கு பெயர்கள் இருந்தன. மற்றவர்கள் தட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யாரும் அழவும் இல்லை. சோற்றுப் பானைக்கு அருகே வரமாட்டோம் என்று நின்றார்கள், அவ்வளவுதான்.

அது 1992ஆம் வருடம் ஜூலை மாதம். ராஜபாளையத்துக்கு மேற்கே, மில் குடியிருப்பைத் தாண்டியிருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சத்துணவு அமைப்பாளர் பரிபூரணம் அக்கா அங்கே எட்டு வருடமாக இருந்தார். அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. கணவர் சௌந்தரபாண்டியன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். அக்கா தினமும் எட்டேகால் பஸ்ஸில் வந்து இறங்குவார். தானே ஒருமுறை கல் பொறுக்காமல் அரிசியை உலையில் போட விடமாட்டார். எந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது, எந்தப் பிள்ளை வீட்டிலிருக்கும் தம்பிக்காக முட்டையை டவுசர் பைக்குள் ஒளிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒளிக்கிறதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அந்த மே மாத விடுமுறையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துச் சென்னைக்காரர்கள் டிவி தொடர் எடுத்தார்கள். மூத்த நாத்தனார் வேடத்துக்கு வரவேண்டிய நடிகைக்கு மஞ்சள் காமாலை. இரண்டு நாள் வேலை நின்றது. வீட்டை வாடகைக்கு விட்டவர் அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அக்கா போகும் வேதக்கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தில், பச்சைப் பிள்ளைகளை வெட்டச் சொல்லும் ராஜா வேடம் ஆறு வருடமாக அக்காவுக்குத்தான். குரல் அப்படி. ஆள் பார்க்க வந்தவர்கள் நான்கு வரி பேசச் சொன்னார்களாம். இரண்டாவது வரியிலேயே போதும் என்றார்களாம். அக்கா பத்து நாள் நடித்தார். பாத்திரத்தின் பெயர் நாகம்மை. தம்பியின் சொத்துக்காகத் தம்பி மகளுக்கு ரசத்தில் விஷம் கலக்கிறவள்.

முதல் மூன்று வாரம் ஊரே கொண்டாடியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்து டிவி ரூமில் உட்கார இடம் கிடைக்காது. நாகம்மை வீட்டுக்குள் சண்டை மூட்டியபோது அக்காவையும் டீச்சர் என்றே கூப்பிடும் பிள்ளைகள், எங்க டீச்சர், எங்க டீச்சர் என்று கத்தினார்கள். நான்காம் வாரம் அவள் அடுப்படிக்குள் போனாள். சத்தம் கேட்காமலிருக்க இரண்டு கை வளையல்களையும் முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

வளையலை ஏற்றுவது இயக்குநர் சொன்னதல்ல. அக்கா பள்ளியில் சோறு போடும்போது தினமும் செய்வதுதான் அது. சாம்பார் வாளிக்குள் கை போகும் முன் வளையலை ஏற்றிவிடாத சமையல்காரி உண்டா? படப்பிடிப்பில் கை தன்னால் அதைச் செய்தது. இயக்குநருக்குப் பிடித்துப்போய், கேமராவைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தார். பன்னிரண்டு விநாடி திரை முழுக்க அந்தக் கைகள்தான்.

நான்காம் வாரத்துக்கு மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ராஜபாளையம்வரை நின்றே வந்ததை அக்கா சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். மதியம் சுவரோரத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, அதே பானையிலிருந்து எடுத்துத் தானே முதலில் சாப்பிட்டார். இரண்டாம் வகுப்பு அழகுத்தாய் தயங்காமல் சொன்னாள்: "டிவிலயும் நீங்கதான் டீச்சர் மொதல்ல தின்னீக." உண்மைதான். நாகம்மை தான் தின்று காட்டிவிட்டு, பிள்ளையின் தட்டிலிருந்த ரசத்தில் மட்டும் கலந்தாள். கதை எழுதியவர் எல்லா வழியையும் முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தார்.

சமையல் உதவியாளர் வெள்ளைத்தாய், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறுங்கையோடு எதற்கு நிற்க வேண்டும் என்று அக்கா மறுத்துவிட்டார். ஊர்ப் பெண்கள் சிலர் வந்து, காளியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அந்த ஊரில் கோழி காணாமல் போனாலும் சூடம் அணைக்கிற வழக்கம் உண்டு. அக்காவுக்கு அந்தக் கோயில் ஆகாதென்றால் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்தாலும் போதும் என்று தாராளமாகவே சொன்னார்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"செய்யாத தப்புக்குச் சத்தியம் பண்ணுனா, செஞ்சவதான் பண்ணுதான்னு ஆயிரும். நான் சோறு போடுதேன். பசிக்கிற பிள்ள திங்கட்டும்" என்றார்.

பசி இருந்தது. பெண்களில் பாதிப் பேர் மில்லில், மீதிப் பேர் பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டுகளில். காலையில் போகிறவர்களுக்கு மதியச் சமையல் கிடையாது. சத்துணவை நம்பித்தான் அந்த வீடுகளில் அடுப்பு அணைந்தது. அழகுத்தாயின் அம்மா சண்முகத்தாய், பன்னிரண்டரைக்குத் தறியை நிறுத்திவிட்டுத் தூக்குவாளியோடு ஓடிவருவாள். பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் சாப்பிடாமல் திரும்பி ஓடுவாள். அவளைப்போல ஓடிவந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஓடிவர முடியாதவர்களின் பிள்ளைகள் பைப்பில் தண்ணீர் குடித்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி கடைசி மணியடிக்கும் முன் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். அவளை மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தது அக்காதான். கண் விழித்ததும் அவள் அக்காவின் கையைப் பார்த்து ஒதுங்கினாள்.

ஆகஸ்டு முதல் வாரம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து தலைகளை எண்ணினார். காலாண்டுத் தேர்வுக்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் சத்துணவு மையத்தை மூடிவிட்டு, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பள்ளியோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். லாரிகள் போகும் ரோடு. அதைக் கடந்து எந்தப் பிள்ளையும் சோற்றுக்குப் போகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியர் பால்ச்சாமி நல்ல மனிதர். மகாராஜபுரம் மையத்தில் அக்காவோடு இடம் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். சௌந்தரபாண்டியனும் அதையே சொல்லியிருந்தார். ஆலையில் அவரை விஷக்காரி வீட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"மகாராஜபுரத்துலயும் டிவி இருக்கு சார்" என்றார் அக்கா. அதோடு ஒரு செய்தியும் சொன்னார். பன்னிரண்டாம் வாரம் நாகம்மை திருந்திவிடுவாள். தம்பி காலில் விழுந்து அழுவாள். கிளிசரின் இல்லாமல் அக்கா அழுத காட்சி அது. படம் பிடித்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அதைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நானும் நம்பினேன்.

ஆகஸ்டு கடைசி செவ்வாய்க்கிழமை நானும் டிவி ரூமுக்குப் போயிருந்தேன். நாகம்மை அழுதாள். நன்றாகவே அழுதாள். முடிந்ததும் பெண்கள் பாயை உதறிக்கொண்டு எழுந்தார்கள். என் வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்று தெரியாத இரண்டு பேர், எனக்கு முன்னால் தெலுங்கில் பேசிக்கொண்டு போனார்கள். அழுகிறவளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. மற்றவள் ஆமாம் என்றாள். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா எண்பத்து நான்கு பேருக்கும் அரிசி அளந்து போட்டிருந்தார். உட்கார்ந்தவர்கள் பதினேழு பேர். தூக்குவாளியோடு வந்த சண்முகத்தாயை அக்கா நேராகப் போய் நிறுத்திக் கேட்டார். நேற்றைக்குப் பார்த்தாயா, அழுததைப் பார்த்தாயா என்று.

சண்முகத்தாய் சண்டைக்காரி அல்ல. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்: "பாத்தேன் டீச்சர். அழுதது நடிப்பு. வளையல ஏத்துனது நெசம். அத நாங்க எட்டு வருசமா பாக்கோமே."

அக்கா மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் வெகுநேரம் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையலை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"இத நாகம்மை எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டா பாத்தியா" என்றார் என்னிடம். "அத நான் திரும்ப வாங்கணும்."

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா சாம்பார் வாளியை முற்றத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். தூக்குவாளிப் பெண்கள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். இன்றைக்கு நாகம்மை வருகிறாள், பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒதுங்கினார்கள். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகினார். முகம் மாறியது. நான் நான்கடி தூரத்தில் நின்றேன். நானே ஓரடி பின்வாங்கினேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். வளையல்களை முழங்கைக்கு ஏற்றினார். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு தட்டுச் சோற்றில் கொட்டிப் பிசைந்தார். சின்னப் பிள்ளைகள் அலறினார்கள். சண்முகத்தாய் மகளை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

உடனே அக்கா நிமிர்ந்து, தன் குரலில் பேசினார். இந்தப் பொட்டலத்திலும் டிவியில் வந்த பொட்டலத்திலும் இருந்தது பொடித்த சீனி என்றார். படம் எடுக்கும்போது பக்கத்தில் பன்னிரண்டு ஆம்பளைகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், அதில் ஒருவருக்குத் தும்மல் வந்து மறுபடி எடுத்ததையும், விஷம் தின்று சாக வேண்டிய பிள்ளை, ரசம் ஏன் இனிக்கிறது என்று கேட்டு மூன்று தடவை சாகாமல் எழுந்து உட்கார்ந்ததையும் நடித்துக் காட்டினார். மூன்றாவது தடவை பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் மறுபடியும் என்றான். அக்கா மறுபடியும் நாகம்மை ஆனார், மறுபடியும் டீச்சர் ஆனார். நான்காவது முறை, வளையலை ஏற்றும் முன்பே பிள்ளைகள் தங்கள் கைகளைத் தூக்கி ஏற்றிக் காட்டினார்கள்.

"இது சோறு போடுற கை" என்றார் அக்கா, பெண்கள் பக்கம் திரும்பி. "நாகம்மை எங்கிட்ட இருந்து படிச்சா. நான் அவகிட்ட இருந்து படிக்கல. இப்ப அவ போயிட்டா. பசிக்கிறவுக வாங்க."

யாரும் நகரவில்லை. பிறகு அழகுத்தாய் முந்தானையிலிருந்து நழுவித் தட்டோடு வந்தாள். சண்முகத்தாய் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். மகளிடமிருந்து தட்டைப் பிடுங்கி, அக்காவிடம் தானே நீட்டினாள். அக்கா சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினார். சண்முகத்தாய் நின்றபடியே நான்கு வாய் சாப்பிட்டாள். பிறகு படியில் உட்கார்ந்தாள்.

முற்றம் முழுக்க அவளையே பார்த்தது. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தறி செட்டுச் சங்கு ஊதியது. அவள் எழவில்லை. வெள்ளைத்தாய் பொறுக்கமாட்டாமல், இன்னும் செத்த நேரம் இருந்தால் மேஸ்திரி சம்பளத்தைப் பிடிப்பான், அதில் வேண்டுமானால் சாவாய் என்றாள். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சண்முகத்தாய் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"பிள்ள திங்கட்டும் டீச்சர். ஆனா அந்த நாகம்மைய நான் மன்னிக்க மாட்டேன். எம்புட்டு அழுதாலும் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காத தாயி" என்றார் அக்கா. "அவ செஞ்சது செஞ்சதுதான். அவளுக்கு மன்னிப்பு வாங்கித் தரவா நான் இங்க அடுப்பு மூட்டுதேன்?"

அன்றைக்கு முப்பத்தோரு பேர் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் நாற்பத்தைந்து. காலாண்டுத் தேர்வுக்கு முன் அதிகாரி வந்து எண்ணியபோது அறுபத்து மூன்று. மையம் நிலைத்தது. சில வீடுகளிலிருந்து கடைசிவரை பிள்ளைகள் வரவில்லை. அக்கா அவர்களிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் அதே கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை மருமகளுக்குத் தீ வைக்கிற மாமியார். பால்ச்சாமி சார் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா போய் நடித்துவிட்டு வந்தார். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை, தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, தாய்மார்களை வரச்சொல்லி முற்றத்தில் அந்தக் காட்சியை ஒருமுறை நடித்துக் காட்டினார். புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீறிட்டு அழுது வாசலுக்கு ஓடினாள். மகளை விட வந்திருந்த சண்முகத்தாய்தான் அவளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, அவ கெடக்கா கெட்டவ. இது நம்ம டீச்சர். போயித் தட்ட எடு" என்று சொல்லி, வரிசையில் நிறுத்திவிட்டுப் போனாள்.